குழந்தையிலேயே ஞானஸ்நானமா, வளர்ந்து தானே எடுப்பதா?

தாத்தா பாட்டி லூத்தரன் (குழந்தைக்கே கொடுக்கும் சபை), பெற்றோர் பெந்தெகொஸ்தே (வளர்ந்து விசுவாசித்தபின் கொடுக்கும் சபை). கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை பிறந்தால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

யார் முடிவு?
குழந்தையில்: பெற்றோரும் ஞானப்பெற்றோரும்.
வளர்ந்தபின்: விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு எடுப்பவரே.

வேத ஆதாரம்?
குழந்தையில்: அப்போஸ்தலர் 16-இல் சிறைக்காவலன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். குழந்தைகள் இருந்தார்களா என்று வசனம் சொல்லவில்லை.
வளர்ந்தபின்: மாற்கு 16:16 விசுவாசத்தை முதலில் சொல்கிறது.

பின்விளைவு?
குழந்தையில்: கத்தோலிக்க, லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் ஒரே முறைதான். பிள்ளையின் சொந்தச் சம்மதம் பின்னால் திடப்படுத்தலில் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே உறுதிப்படுத்தும் சடங்கு) வருகிறது. வகுப்புத் தோழர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று அவனும் எடுத்தால் அது சம்மதமே இல்லை. பிற்பாடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் மறுபடி முழுக்கு கேட்பார்கள். தங்கள் விசுவாசத்தையே தள்ளிவிட்டதாகப் பெரியவர்கள் மனம் உடைவார்கள்.
வளர்ந்தபின்: எடுக்காமலே போகலாம். இது பெற்றோருக்குப் பெரிய பயம், எனக்குப் புரிகிறது. ஆனாலும் வற்புறுத்தி வாங்கிய "ஆமென்" கடவுளுக்கு வேண்டியதில்லை என்றே நம்புகிறேன்.

சட்டம்?
இரண்டுக்கும் ஒன்றுதான்: மலேசிய அரசியலமைப்பின் 12(4) பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழ் பிள்ளையின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார்கள்.

அப்பா அம்மா இருவரும் ஒரே சபை, வீட்டில் தினமும் ஜெபம் உண்டு என்றால் குழந்தையிலேயே கொடுங்கள். ஒருவர் இந்து, அல்லது இருவருக்கும் வேறு வேறு சபை என்றால் காத்திருங்கள். இப்போதைக்குப் பல பெந்தெகொஸ்தே சபைகளில் பிள்ளைப் பிரதிஷ்டை (ஞானஸ்நானம் இல்லாமல், பிள்ளையை ஜெபித்துக் கடவுளுக்கு ஒப்படைப்பது) செய்யலாம்.