சாந்தன் கம்மா, கார்போமரா?

ஜெல், கிரீம் செய்யப் பயன்படும் இந்தப் பொடிகள் இரண்டுமே தண்ணீரைக் கெட்டியாக்கும். கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகும். பெரிய வேறுபாடு உப்பில்தான் தெரியும்.

கார்போமர் 0.2–0.5% போதும், கண்ணாடி போன்ற ஜெல் கிடைக்கும். ஆனால் தூவி ஊறவைத்த கலவை பிஎச் (அமில-கார அளவு) 3 அளவில் நீர்த்தே கிடக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 6–7க்குக் கொண்டுவந்தால்தான் கார்போமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளி விரியும். உப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளுவிசை மங்கி, ஜெல் தளர்ந்து ஓடும். இறுகிய பின் அதிவேகக் கலக்கியை ஓட்டினால் சங்கிலியே அறுந்துவிடும், அது திரும்பாது.

சாந்தன் உப்பையும் அமிலத்தையும் பொறுக்கும். பொடியை ஒரேயடியாகக் கொட்டினால்தான் தொல்லை: வெளியே வழுவழுப்பு, உள்ளே உலர்ந்த கட்டி. முதலில் கிளிசரினில் குழைத்து, சுழலும் நீரில் ஊற்றுங்கள். நுண்ணுயிர்களுக்கு இது நல்ல தீனி என்பதால் பதனப்பொருள் கட்டாயம். உப்புள்ள கலவைக்குச் சாந்தன்; தெளிவான கைஜெல்லுக்கு, கொஞ்சம் கோழை போல இழுபடும் சாந்தனைவிடக் கார்போமரே மேல்.