கல்லடி வீதியோர நாற்றுமேடையில் வாங்கிய சல்வியாக்கள்

மட்டக்களப்பில் பூங்கன்று விற்கும் எந்த இடத்துக்குச் சென்றாலும் செவ்வரத்தையும் போகன்வில்லாவும் வெட்சியும் குறோட்டனும் கிடைக்கும்; புதராக வளர்ந்து மாதக்கணக்கில் பூக்கும் சல்வியா வகைகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கல்லடிப் பாலத்தைக் கடந்து ஆரையம்பதிப் பக்கமாகச் செல்லும் பிரதான வீதியோரத்தில் உள்ள ஒரு நாற்றுமேடையில் அவற்றுள் ஐந்து வகைகளை ஒருசேரக் கண்டபோது, ஒவ்வொன்றிலும் கன்று வாங்கினேன். ஒரு கோடையையும் ஒரு மாரியையும் அவை என் முற்றத்தில் கடந்துவிட்டபடியால், அந்த நாற்றுமேடையைப் பற்றியும் அங்கே விற்கப்படும் கன்றுகளைப் பற்றியும் இப்போது தயக்கமின்றி எழுத முடிகிறது.

முதலில் நாற்றுமேடையின் நல்ல பக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் எல்லாக் கன்றுகளையும் ஒரே நிழல்வலையின் கீழ் அடுக்கி வைத்திருப்பார்கள்; இங்கே சல்வியாக்களை மட்டும் வலைக்கு வெளியே, முழு வெயிலில் வைத்திருந்தார்கள். நிழலில் வளர்ந்த சல்வியா நீண்டு மெலிந்து, பூங்கொத்தின் பாரத்தைத் தாங்காமல் சரிந்துவிடும் என்பதால், இந்த ஒரு ஏற்பாடே அவர்கள் செடியை அறிந்தவர்கள் என்பதைக் காட்டியது. கடையைப் பார்த்துக்கொண்ட அம்மா, “வெயிலுக்குப் பயமில்லை ரீச்சர், மழைக்குத்தான் பார்த்துக்கொள்ளுங்க” என்று சொல்லித் தந்தார். சல்வியாவைப் பற்றி நம் பகுதியில் ஒருவர் தரக்கூடிய மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான் என்பதை மாரி வந்தபோது உணர்ந்தேன்.

குறை, பெயர்ச்சீட்டில் இருக்கிறது. ஐந்து வகைகளிலும் ‘சல்வியா’ என்ற ஒரே பெயர்தான் எழுதப்பட்டிருந்தது. சல்வியா என்பது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஏறக்குறைய ஆயிரம் இனங்களைக் கொண்ட பெரும் கூட்டம். சதுரத் தண்டும், எதிரெதிராக அமைந்த இலைகளும், கசக்கினால் எழும் மணமும் பொதுவாக இருந்தாலும், ஒன்று வறண்ட பாறைச் சரிவிலிருந்து வந்தது, மற்றொன்று குளிர்ந்த மலையிலிருந்து வந்தது. வாங்குபவருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பராமரிப்புப் போதும் என்பதுபோல் விற்பது நியாயமல்ல. இனங்களைப் பூவையும் இலையையும் வைத்து நானே இனங்கண்டுகொண்டேன்.

அவற்றுள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த செம்பூச் சல்வியாவான கொக்சினியாதான் நம் கரையோர மணலுக்கு மிகவும் பொருந்தியது. வெக்கை, ஈரக்காற்று, கச்சான் வீசும் மாதங்களின் வறட்சி ஆகிய எதுவும் அதன் பூப்பை நிறுத்தவில்லை. உதிர்ந்த விதைகள் சாடியைச் சுற்றியுள்ள மணலில் தாமாகவே முளைத்தன. காலை வேளைகளில் தேன்சிட்டுகள் தவறாமல் அதனிடம் வருகின்றன. அமெரிக்கக் கண்டத்தில் ஓசனிச்சிட்டுகள் தேன் அருந்தும் இச்செந்நிறப் பூக்கள் நம் ஊர்த் தேன்சிட்டுகளுக்கும் பிடித்துப்போனதைப் பார்ப்பதற்காகவே ஒரு கன்று வாங்கலாம்.

நீலக் கதிர்களாகப் பூக்கும் ஃபரினேசியாவை அதற்கு அடுத்ததாகச் சொல்வேன். தேனீ கீழிதழில் இறங்கித் தலையை உள்ளே நுழைக்கும்போது, பூவுக்குள் இருக்கும் இரண்டு மகரந்தத் தாள்களும் நெம்புகோல் அமைப்பில் கீழே சாய்ந்து அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவிவிடுகின்றன. ஒரு மெல்லிய ஈர்க்கை மெதுவாக உள்ளே தள்ளினால், தாள்கள் அசைந்து இறங்குவதையும் ஈர்க்கை எடுத்ததும் மீண்டும் எழுவதையும் கண்ணாலேயே காணலாம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் முற்றத்தில் கிடைப்பது கடினம்.

உண்மையில் நான் ஆசையோடு வாங்கியது கிரெகியை என்னும் புதர்ச் சல்வியாவை. 19ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோவில் இதைச் சேகரித்த ஜோசையா கிரெக் என்ற வணிகரின் பெயரைத் தாங்கிய இச்செடி, டெக்சாசிலும் மெக்சிக்கோவிலும் உள்ள வறண்ட, கற்கள் நிறைந்த நிலங்களுக்கு உரியது. சிறிய, தடித்த இலைகளும் மரத்தன்மை கொண்ட தண்டும் உடையதாகையால், கோடையில் மேல்மண் காய்ந்த பின்பு ஆழமாக ஒருமுறை நீரூற்றினால் அதற்குப் போதுமாயிருந்தது. சுற்றியிருந்த றோசாக்கள் வாடிய நாட்களிலும் இது பூத்துக்கொண்டிருந்தது. இதன் நெருங்கிய உறவான, சிவப்பும் வெள்ளையும் கலந்து பூக்கும் ‘ஹொட் லிப்ஸ்’ கன்றை மட்டும் கடையில் தொங்கிய படத்தை நம்பி வாங்க வேண்டாம். இரவுகள் குளிர்ந்த இடங்களில்தான் அந்த இருநிறம் தெளிவாக அமையும். வெப்பமான இரவுகளில் பூ முழுச் சிவப்பாக வருவது அதன் இயல்பு. என் முற்றத்தில் பெரும்பாலான பூக்கள் வெறும் சிவப்பாகவே இருந்தன. ஊதாநிற வெல்வெட் கதிர்களுக்குப் பெயர்போன லூகாந்தாவோ மலைநாட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற செடி. பகல் குறுகும் பருவத்தில் பூக்கும் அது, நம் ஊரில் இலையாகவே பெருத்து நின்றது. இந்த இரண்டையும் சமவெளியில் நல்ல விலை வைத்து விற்பதை நான் ஏற்கவில்லை.

கன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் வேர்க்கட்டு. கடைக்காரர் சொன்னபடி இவை மலைநாட்டுப் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து இறக்கப்பட்டவை; பொலித்தீன் பையை வெட்டியபோது நடுவில் செம்மண் கட்டியாக இறுகியும், அதைச் சுற்றித் தும்புத்தூள் நனைந்த நிலையிலும் இருந்தன. இதை அப்படியே மணலில் நட்டால், ஊற்றும் நீர் கட்டியை நனைக்காமல் சுற்றி ஓடிவிடும்; மழைக்காலத்திலோ கட்டி ஊறியபடியே கிடக்கும். விளிம்பிலுள்ள தும்புத்தூளை உதறி, செம்மண்ணை விரலால் மெல்லத் தளர்த்திய பிறகே நட வேண்டும். இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய கூட்டெரு, ஒரு பங்கு உமிக்கரி என்ற கலவை எனக்கு நன்றாக உதவியது. நெல் ஆலைகள் நிறைந்த மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் உமிக்கு எப்போதும் குறைவில்லை. கடற்கரை மணல் அருகிலேயே கிடைக்கிறது என்று அதை அள்ளிவந்து சாடியை நிரப்பக் கூடாது. அதிலுள்ள உப்பு வேரைக் கெடுத்துவிடும். எருவையும் அளவாகவே இட வேண்டும், ஏனெனில் தழைச்சத்து மிகுந்தால் புதர் பெருக்கும், பூ குறையும்.

நம் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கிரெகியை போன்ற வறண்ட நிலச் செடிக்கு இதுவே உண்மையான சோதனை. பாத்தியில் நட்ட கன்று, நீர் தேங்கியதும் வேரழுகி, இலைகள் பச்சையாக இருக்கும்போதே தொய்ந்து இறந்தது. 25 முதல் 30 சென்ரிமீற்றர் அகலமான மண்சாடியில் நட்டு, செங்கற்களின் மேல் உயர்த்தி, கூரை நீட்சியின் கீழ் வைத்த மற்றக் கன்று உயிர்தப்பியது. ஆகவே நம் பகுதியில் இதைச் சாடிச் செடியாகவே கருதி வாங்க வேண்டும் என்பது என் துணிபு. தோட்டத்தில்தான் வைப்பேன் என்பவர்கள், களிமண் நிலத்தைத் தவிர்த்து, ஒரு முழ உயரத்துக்கு மணல் மேடு அமைத்து அதன்மேல் நட வேண்டும்.

மாரிக்கு முன்பே சில தண்டுகளை வெட்டிப் பதிய வைப்பது பெரிய பாதுகாப்பு. பூக்காத, பாதி முதிர்ந்த தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை அகற்றி, மணலும் உமிக்கரியும் சமமாகக் கலந்த சிறு சாடியில் நட்டு நிழலில் வைத்தால், சில வாரங்களில் வேர்விடும். மழை ஓய்ந்த மாசி மாதத்தில் தாய்ச்செடியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கத்தரித்தேன். புதுத் துளிர்கள் நெருக்கமாக வந்து, அவற்றின் நுனிகளில் பூக்கள் திரண்டன. இலையே இல்லாத முதிர்ந்த தண்டுவரை வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது அரிது என்பதால், ஒவ்வொரு கிளையிலும் சில பச்சைக் கணுக்களை விட்டுவைக்க வேண்டும்.

அந்த நாற்றுமேடைக்கு மீண்டும் செல்வேன்; கொக்சினியாவையும் ஃபரினேசியாவையும் அங்கே வாங்குமாறு யாருக்கும் சொல்வேன்; கிரெகியையைச் சாடியில் வளர்க்க இடமுள்ளவர்களுக்கும் பரிந்துரைப்பேன். அவர்கள் தம் கொல்லையிலேயே பதியமிட்டுச் சில கொக்சினியாக் கன்றுகளை உருவாக்கியிருந்தார்கள். அவை மலையிலிருந்து வந்தவற்றைவிடச் சிறியவை என்றாலும் மிக விரைவில் நிலைகொண்டன. எனவே கடைக்குச் செல்பவர்கள், பெரிய பூங்கொத்துள்ள கன்றை எடுக்காமல், “இது இங்கேயே வைத்த கன்றா?” என்று கேட்டு, பையின் அடித்துளையில் வெள்ளை வேர்நுனி தெரிகிறதா என்று பார்த்து, தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வாங்குவது நல்லது. ஐப்பசியில் வாங்கினால், புதிய மண்ணில் வேர் பரவுவதற்குள் மாரி வந்துவிடும்.