12 வருடமாக வீட்டில் ஒரு கவர் பெட்டி

2013 ஆவணியில் ஒரு ரிசப்ஷன். மண்டப வாசலில் வண்டியை நிறுத்தின பிறகுதான் "கவர் எடுத்தியா?" என்றார் கணவர். எடுக்கவில்லை. கைப்பையைத் துழாவியதில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது, மாமியாருக்கு பிரஷர் மாத்திரை வாங்கியது. அதற்குள் 501 ரூபாயைத் திணித்து, மேலே எங்கள் பெயரை எழுதி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். பின்பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள். இன்றுவரை எந்த விசேஷத்தில் எதிர்ப்பட்டாலும் மாப்பிள்ளையின் அத்தை, "ரெண்டு பேரும் மாத்திரையை ஒழுங்கா போடறாங்கம்மா" என்கிறார்.

அந்த வாரமே பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் மொய் கவர் 100 கொண்ட கட்டு ஒன்று, கூடவே பிறந்தநாள், கல்யாண நாள் வாழ்த்து அட்டைகள் கொஞ்சம் வாங்கி வந்தேன். புடவை வந்த அட்டைப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. எல்லாவற்றையும் அதில் அடுக்கி பீரோ மேல் வைத்தேன். இனி கவலை இல்லை என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை முடிந்து பெட்டியைத் திறந்தபோது பாதிக் கவர்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டிருந்தன. வாயில் தடவியிருக்கும் கோந்து சென்னை ஈரக்காற்றுக்கே இளகிவிடுகிறது. பிரித்தால் கிழிகிறது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவியில் காட்டினால் பிரியும். ஆனால் கவர் அப்பளம் மாதிரி நெளிந்துபோகும். அடுத்த வருடம் இன்னொரு சங்கடம். வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஓடுமே, அந்த ராமபாணப் பூச்சி வந்து கோந்து இருந்த ஓரமாகப் பார்த்துக் கொறித்திருந்தது. அந்துருண்டை போட்டேன். பூச்சி போனது, ஆனால் மொய்ப்பணத்தில் பழைய பீரோ வாசனை ஏறிவிட்டது. இதை வெளியே சொல்ல முடியாது, வாங்கினவர்களும் சொல்லவில்லை.

இப்போதைய ஏற்பாடு நாலைந்து வருடமாகத் தாங்குகிறது. நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் பிளாஸ்டிக் டப்பா. செருப்புப் பெட்டியிலும் மருந்து பாட்டிலிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் அதில் போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு கவரின் வாயையும் திறந்து, பின்பக்கமாக வெளியே மடித்து, நடுவில் பட்டர் பேப்பர் துண்டு வைத்து அடுக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேர வேலை. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

அளவு விஷயத்திலும் ஒருமுறை சூடுபட்டேன். அழகாக இருக்கிறதே என்று குட்டைக் கவர் வாங்கிவிட்டேன். இப்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம். கவர் அதைவிட ஒரு விரற்கடையாவது நீளமாக இருந்தால்தான் நோட்டு மடிக்காமல் படுக்கும். பழைய 500 ரூபாய் 167 மி.மீ., அதற்கு எப்படி இருந்தாலும் மடிக்கத்தான் வேண்டியிருந்தது.

பழைய 500 என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் பணத்தையும் முன்கூட்டியே போட்டு, பெயர் எழுதி, ஒட்டித் தயாராக வைப்பேன். 2016 நவம்பர் 8 இரவு, பிரதமர் டி.வி.யில் பேசி முடித்ததும் கணவர் நேராக இந்தப் பெட்டியிடம்தான் வந்தார். கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஒட்டி வைத்த கவர்கள் 3 இருந்தன. பிரித்து, நோட்டுகளை வங்கியில் போட்டு, அந்தக் கல்யாணங்களுக்கு நூறு ரூபாய்த் தாள்களாகத் தேடித் தேடிச் சேர்த்துக் கொடுத்தோம். நாலாவதாக ஒன்று, தை மாதக் கல்யாணத்துக்கு எழுதியது, ஒரு பெரிய பிறந்தநாள் கார்டுக்குள் நழுவிப் போயிருக்கிறது. அகப்பட்டது சித்திரையில். டிசம்பர் 30-ஓடு வங்கியில் வாங்குவது நின்றுபோயிருந்தது. சட்டப்படி 10 நோட்டு வரைக்கும் வைத்திருக்கலாம் என்பதால் அது இன்னமும் பெட்டியின் அடியில் கிடக்கிறது. கல்யாணத்துக்கு வேறு கவர் கொடுத்துவிட்டோம். அந்த ஜோடியின் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. அதற்கப்புறம் நான் பணம் போட்டு வைப்பதில்லை.

எது தீர்கிறது, எது தங்குகிறது என்று பார்த்தால், தீர்வது கல்யாணக் கவர்தான். பிள்ளையார் படம் போட்டதை நான் வாங்குவதில்லை. பூவோ கோலமோ போதும். பக்கத்து ஃபிளாட் நிக்காவுக்கும் ஆபீஸ் தோழியின் சர்ச் கல்யாணத்துக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடலாம். கூடவே படமே இல்லாத வெள்ளைக் கவர் பத்து எப்போதும் இருக்க வேண்டும். துக்க வீட்டுக்கு உதவியாகக் கொடுப்பதற்கு அதுதான். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டின கவரை அங்கே நீட்டக்கூடாது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள், தவறாக நீட்டினால்தான் சொல்வார்கள்.

தங்கிப்போவது, வாசகம் அச்சடித்த கார்டுகள். "என் உயிர்த் தோழிக்கு" என்று போட்டதை யாருக்குக் கொடுப்பது? இருப்பவள் ஒருத்தி, அவளுக்கும் ஒரே கார்டை இரண்டு தடவை கொடுக்க முடியாது. பாட்டுப் பாடும் கார்டு சுத்த மோசம். இரண்டே வருடத்தில் பேட்டரி இறங்கி, திறந்தால் கொசு மாதிரி முனகியது. ஜிகினா ஒட்டினவை டப்பா முழுக்க உதிர்ந்து, ஒரு இரங்கல் கவரில்கூட மினுமினுப்பு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கிளம்பும்முன் பார்த்துவிட்டேன்.

என் கணக்கில் நல்ல முதலீடு என்றால் உள்ளே எதுவும் எழுதாத வெற்று அட்டைதான். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் ஆசிரமத்துக் கைக்காகிதப் பட்டறையின் அட்டைகள் ஒரு டஜன் வாங்கி வருவேன். காகிதத்துக்குள்ளேயே பூவிதழ் பதிந்திருக்கும். எந்த விசேஷத்துக்கும் ஒத்துவரும், பழசானாலும் பழசாகத் தெரியாது. ஜெல் பேனா மட்டும் வேண்டாம், மை ஊறிப் பரவும். சாதா பால்பாயின்ட் போதும்.

இதில்தான் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறேன், வருடம் ஐந்து பேருக்கு. முதல் தடவை அனுப்பியபோது அட்டை கனம் என்று தோன்றவே இல்லை, வழக்கம்போல 5 ரூபாய் தபால்தலை ஒட்டிவிட்டேன். 20 கிராமுக்கு மேல் போனால் கூடுதலாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் குறையும் தொகைக்கு இரட்டிப்பாக வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். திருநெல்வேலிப் பெரியம்மா போன் செய்து, "உன் வாழ்த்தை பத்து ரூவா குடுத்து வாங்கிருக்கேன்டி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். இப்போது சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

மண்டப வாசலிலேயே க்யூஆர் கோடு வைக்கிறார்கள், இனி கவர் எதற்கு என்று மகன் கேட்கிறான். போன வைகாசியில் அவன் நண்பனின் அக்கா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே "அம்மா, கவர் ஒண்ணு" என்று வந்து நின்றவனும் அவன்தான்.

இன்றைய இருப்பு: மொய் கவர் 31, வெள்ளைக் கவர் 8, வெற்று அட்டை 5, செல்லாத ஐந்நூறு 1. அப்புறம் 2015-ல் தள்ளுபடியில் வாங்கிய "இரட்டைக் குழந்தைகளுக்கு வாழ்த்து" கார்டு 2. அதற்கு இன்னும் யாரும் அமையவில்லை.