ஏற்காடு ரோட்டில் டர்போ காரும் ஆயில் கேட்ச் கேனும்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடம் ஆயில் கேட்ச் கேன், அதாவது இன்ஜினுக்குள்ளிருந்து வரும் வாயுவில் கலந்த எண்ணெயைப் பிடித்து வைக்கிற சின்ன டப்பா, பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருத்தர் தண்டச் செலவு என்பார், இன்னொருத்தர் அது இல்லாவிட்டால் இன்ஜினே போச்சு என்பார். நான் சேலத்துக்காரன், வேலை விஷயமாக அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்குகிறவன். வண்டி 1.2 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ, ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்தது. எந்த கம்பெனி என்பதை விடுங்கள், இந்த வகை இன்ஜின் எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு மேல் கேன் போட்டு ஓட்டியதில் எனக்குப் பட்டது, அதை எந்த ஹோஸில் மாட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும், டர்போ தருகிற காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், ஏறினால் இதுவும் ஏறும். ஆயில் துளி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதோடு கலந்து இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் நிற்கும், வழி விடாவிட்டால் சீல் வழியாகப் பிதுங்கும். அதனால்தான் பிசிவி வால்வு வைத்து அந்த வாயுவைத் திரும்ப இன்ஜினுக்கே குடிக்கக் கொடுக்கிறார்கள். பழைய எம்பிஎஃப்ஐ இன்ஜினில், காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வின் முதுகிலேயே பெட்ரோல் பீய்ச்சப்படுவதால் ஒட்டுகிற எண்ணெய் பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுவதால், எண்ணெய் வால்வின் மேலேயே வெந்து கரியாகப் படிகிறது. டொயோட்டாவின் டி-4எஸ் மாதிரி இரண்டு வகை இன்ஜெக்டரும் உள்ள இன்ஜினுக்கு இந்தத் தலைவலி குறைவு.

சரி, இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் வண்டி பெரும்பாலும் பூஸ்டில்தான் இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அதே பூஸ்டுக்கு டர்போ கூடுதலாக உழைக்கிறது. அந்த நேரத்தில் சிலிண்டருக்குக் காற்று கொண்டு போகும் மேனிஃபோல்டில் அழுத்தம் அதிகம் என்பதால் பிசிவி பக்கத்துச் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு) மூடிக்கொள்ளும், வாயு முழுக்க கிராங்க்கேஸ் மூச்சு விடுகிற ப்ரீதர் ஹோஸ் வழியாக டர்போவின் வாய்க்குப் போய், அதைத் தாண்டிக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரின் அடியில் எண்ணெயாகத் தேங்கும். எண்ணெய் கலந்த காற்றுக்கு நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) சீக்கிரம் வரும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சித்திரை வெயிலில் வண்டி இழுக்காமல் சோம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறங்கும்போது நேர்மாறு. த்ராட்டில் மூடி, இன்ஜின் பிரேக்கிங்கில் வருகிறோம், மேனிஃபோல்டில் கடும் வாக்யூம், அது பிசிவி வழியாக எண்ணெய் ஆவியை உறிஞ்சி நேராக வால்வுக்கே கொண்டு போகும். ஆக ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. கடையில் கிட் என்று விற்பதில் பெரும்பாலானவை பிசிவி பக்கம் மட்டும் மாட்டுகிற இரண்டு வாய் கேன்கள். கோயம்புத்தூர் ஹைவேயில் ஒரே சீராகப் போகிறவருக்கு அது போதும். மலைக்கு மூன்று வாய் கேன்தான் சரி: கிராங்க்கேஸிலிருந்து ஒரு வரவு, மேனிஃபோல்டுக்கு ஒன்றும் டர்போ முன்னாடி ஒன்றுமாக இரண்டு போக்கு, இரண்டிலும் செக் வால்வு. நான் போட்டிருப்பது இதுதான். மாட்டும்போது செக் வால்வின் அம்புக்குறியை ஊதிப் பார்த்துச் சரிபாருங்கள், திருப்பி மாட்டினால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கே மேலே எழும்பும்.

கேனில் என்ன சேர்கிறது என்பது சீசனைப் பொறுத்தது. மே மாதத்தில் கருப்புப் பழுப்பாக நீர்த்த ஆயில், பெட்ரோல் வாடையோடு. டிசம்பரில் மேலேயே தங்கி ஏரி, பஜார் என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் இன்ஜின் சூடே ஆகாது, கேனைத் திறந்தால் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் போய்க் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று பதறாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது, அதில் கொஞ்சம்தான் இங்கே குளிர்ந்து நிற்கிறது. கூலன்ட் குறையாமல் இருந்தால் கவலை இல்லை. பனிக்காலத்தில் நான் இரண்டு மடங்கு அடிக்கடி காலி செய்கிறேன்.

விலை மலிவான கேன்களைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் டப்பா. பேஃபிள் தட்டும் ஸ்டெயின்லெஸ் வலையும் இருந்தால்தான் ஆவி மோதித் துளியாகும். சிலர் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணிக்கிறார்கள், அதில் ஒரு இழை பிய்ந்து டர்போவுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோஸ் ஆயில் தாங்குகிற நைட்ரைல் வகையாக இருக்கட்டும். சாதா சிலிகான் ஹோஸ் பார்க்க அழகு, நாளாக நாளாக எண்ணெய் வியர்க்கும். பிராக்கெட் மட்டும் இங்கே ஒரு லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸில் வளைத்து வாங்கினேன், கிட்டோடு வந்ததைவிடக் கெட்டி.

காற்றில் திறந்து விடுகிற கேன் வேண்டவே வேண்டாம். கேபினுக்குள் வாடை, உள்ளே போகும் காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் கணக்கில் வராத காற்று, போதாததற்குக் கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடுவது புகை விதிகளுக்கே எதிர். மூடிய கேன் போட்டாலும் வாரன்டி உள்ள வண்டி என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

பலன்? கேன் போடும் முன் வால்நட் பிளாஸ்டிங் (வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிக் கரியை எடுப்பது) செய்து வால்வைச் சுத்தமாக்கியிருந்தேன். இப்போது போரோஸ்கோப் (குழாய் கேமரா) விட்டுப் பார்த்தால் மெல்லிசாகப் படிவு இருக்கிறது, பளபளப்பெல்லாம் இல்லை. வால்வுத் தண்டு ஓடுகிற வால்வு கைடு வழியாக இறங்குகிற எண்ணெயைக் கேன் எப்படிப் பிடிக்கும்? இன்டர்கூலர் ஹோஸ்தான் நல்ல வித்தியாசம், முன்பு கழற்றினால் சொட்டும், இப்போது லேசான பிசுபிசுப்போடு சரி. ஆயில் குறைவதில் மாற்றமே இல்லை. "கேன் போட்டா ஆயில் குறையாதுன்னு எவன் சொன்னானுங்க, எரியற ஆயில் டப்பாவுல நிக்குது, அவ்வளவுதானுங்க" என்றார் எங்கள் மெக்கானிக். அவர் சொன்னது சரி.

மாற்றம் எதுவும் செய்யாத ஸ்டாக் வண்டியில், சேலம் ஊருக்குள்ளேயே ஐந்து ரோட்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஓட்டுகிறவர் அந்தக் காசுக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்றலாம். அப்புறம், கேனில் சேர்ந்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அதில் தண்ணீரும் பெட்ரோலும் இருக்கிறது. தெருச் சாக்கடையிலும் கொட்ட வேண்டாம், காலி ஆயில் டின்னில் சேர்த்து வைத்து அடுத்த சர்வீஸில் கழிவு ஆயிலோடு கொடுத்துவிடுங்கள்.