சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் உள்ள பழைய எக்ஸ்ரேயை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள்

தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி பக்கம், வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

என் சித்தப்பா தன்பாத் பக்கம் பூமிக்கடியில் துளை போடும் வேலை பார்த்தவர். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து, இப்போது கடற்கரை வரை நடந்தாலே மூச்சு இளைக்கிறது. இழப்பீட்டுக்கு மனுப் போடலாம் என்றபோது ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட் சிக்கினார். "அண்ணே, ஊனச் சான்றிதழ்லேருந்து எல்லாப் பேப்பரும் நான் பார்த்துக்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று முப்பதாயிரம் வாங்கிக்கொண்டார்.

கிடைத்தது தடியான ஒரு ஃபைல். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, சிடி ஸ்கேன் எல்லாம் இருந்தன. ஆனால் சித்தப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்ற விவரம் ஒரு தாளிலும் இல்லை! எக்ஸ்ரே ரிப்போர்ட்டில், "பழைய டிபி தழும்பாக இருக்கலாம்" என்று ஒரே வரி. சுரங்க வேலையால் வந்த நோய் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்ய அது ஒன்றே போதும்.

பிறகு மதுரையில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நிலக்கரித் தூசி நோய்க்குச் சாதாரண எக்ஸ்ரேதான் அடிப்படை. ஆனால் அதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நுரையீரலில் தெரியும் உருண்டைப் புள்ளிகளை அளவைப் பொறுத்து பி, க்யூ, ஆர் என்றும், எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதை 0 முதல் 3 வரையும் குறிப்பார்கள். இந்தத் தரம் பிரிப்புக்கு சிடி தேவையே இல்லை. காசு பிடுங்கத்தான் எடுக்க வைத்திருக்கிறார்கள். நுரையீரல் திறனை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் குறைந்தது மூன்று முறையாவது சரியாக ஊதி, அந்த வளைகோட்டுப் படமும் சேர்ந்திருக்க வேண்டும். எங்கள் ஃபைலில் இருந்தது ஒரே ஊதல், அதுவும் வெறும் எண்கள். டிபி இல்லை என்று காட்டும் சளிப் பரிசோதனையும் கிடையாது.

அந்த ஊனச் சான்றிதழ் கதை இன்னும் மோசம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நுரையீரல் நோயே இல்லை. இல்லாத ஒன்றுக்கு முன்பணம்!

பணத்தைவிட வயிற்றெரிச்சல் பிலிம்கள்தான். வேலையில் இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேக்களைச் சித்தி உப்புக்காற்றில் ஒட்டிக்கொள்ளாமல் செய்தித்தாள் வைத்துப் பெட்டியில் பாதுகாத்திருந்தார். நோய் எப்படி வளர்ந்தது என்று காட்ட அவைதான் சாட்சி. "ஒரிஜினல் வேணும்" என்று வாங்கிப்போனவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

இப்போது மருத்துவப் பரிசோதனைப் பதிவான 'ஓ' படிவத்தின் நகல் கேட்டுச் சுரங்க நிர்வாகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். எந்த வருடம் எந்த வேலை என்ற சான்றும் கேட்டிருக்கிறோம்.

அந்த ஆள் கீழக்கரைப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. வந்தால் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். கையில் கொடுக்க வேண்டாம்.