புதிய கோப்பையும் பழைய லஞ்ச் ஷீட்டும்: வன்னியில் ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை

வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்து வந்திருக்கிற நண்பர் ஒருவர், ஓமந்தையைத் தாண்டி வடக்கே போகிற நாள்களில் மதியத்துக்கு எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார். வேலை காரணமாக வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பல வருடங்களாக ஓடித் திரிகிறவன் நான். வீட்டில் சாப்பிட்ட மதியங்களைவிடக் கடையில் சாப்பிட்ட மதியங்கள்தான் அதிகம். ஒரு கடையின் பெயரைச் சொன்னால் முடிந்துவிடுகிற கேள்விதான். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. வன்னியில் எனக்கு மிகவும் பிடித்த சோறு எந்தக் கடையில் கிடைக்கிறதோ, அந்தக் கடைமீதுதான் எனக்கு இப்போது தீராத கோபம் இருக்கிறது.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பிப் போகும்போது வரும் கடைகளில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறை அந்த ஒரு கடைக்கு உரியதும் அல்ல. இந்தப் பக்கத்தில் பாதிக் கடைகளுக்குப் பொருந்தும்.

முதலில் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னி நெல் விளைகிற நாடு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளத்துக்குக் குளம் வயல். பெரும்போக அறுவடைக் காலத்தில் வீதியோரம் முழுக்க நெல் காயப்போட்டிருப்பார்கள். அப்படியிருந்தும் ஏ9 வீதியோரத்துப் பெரிய கடைகளில் உட்கார்ந்தால் வெள்ளைச் சம்பாவும் பிறைட் றைஸும்தான் முன்னால் வருகின்றன. தூரப் பயணப் பஸ்கள் நிற்கிற கடைகள் இன்னும் மோசம். இன்று இறங்குகிறவர் நாளைக்கு வரப்போவதில்லை என்ற நினைப்பில் சமைத்த சாப்பாடு அது. சூடாக்கிச் சூடாக்கி நிறம் மாறிய கோழிக்கறியும், தண்ணீராக ஓடுகிற பருப்பும் போட்டுவிட்டுக் காசையும் நிறைய வாங்குகிறார்கள்.

நான் சொல்லும் கடையில் நாட்டுச் சிவப்பரிசி. தீட்டித் தீட்டி வெளுக்க வைக்காத அரிசி. சோறு வெந்து மலர்ந்திருக்கும், ஆனால் குழையாது. கையில் எடுத்தால் தவிட்டு மணம் வரும். பக்கத்தில் முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, கட்டியான பருப்பு, பொரித்த மிளகாய், கடைசியில் ஒரு சொதி. நாளுக்கு நாள் கறி மாறும். வெண்டிக்காய் மலிந்தால் வெண்டிக்காய், பூசணி மலிந்தால் பூசணி. சந்தையில் எது மலிவோ அதைத்தான் சமைக்கிறார்கள்; அதனாலேயே எப்போதும் புதிதாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கடைக்கு ஆள்கள் போவது மீன் குழம்புக்காக. கடல் மீன் எல்லா இடத்திலும் கிடைக்கும். குளத்து மீனைக் கடையில் ஒழுங்காகச் சமைக்கிறவர்கள் குறைவு. சேற்று வாடை வந்துவிடும் என்று பயந்து பலர் தொடுவதே இல்லை. இங்கே விரால் கிடைத்த நாளில் விரால், இல்லாவிட்டால் ஜப்பான் மீன். திலாப்பியாவைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்கிறோம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. இப்போது வன்னிக் குளங்களில் அது இல்லாத குளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடையை நடத்துகிற அக்கா மீனை உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசிக் கழுவி, பழப்புளியும் வெந்தயமும் தாராளமாகச் சேர்த்து, மண்சட்டியில் விறகடுப்பில் காலையிலேயே குழம்பு வைத்துவிடுகிறார். மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் குழம்பு இறுகி, எண்ணெய் மேலே மிதந்து, துண்டு உடையாமல் புளி ஏறி இருக்கும். அந்தக் குழம்பும் சிவப்பரிசிச் சோறும் சேர்ந்த முதல் கவளத்துக்காக நான் புதுக்குடியிருப்பில் வேலையை முடித்துவிட்டுப் பசியோடு திரும்பி வந்திருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் நல்ல கணவாய்க் கறியும் நந்திக்கடல் இறாலும் கிடைக்கும் என்று தெரிந்தும் அங்கே நிற்காமல் வந்திருக்கிறேன்.

விறகடுப்புக்கும் ஒரு கதை உண்டு. 2022இல் எரிவாயுச் சிலிண்டர் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது கடைகள் பல பூட்டப்பட்டன. இந்தக் கடை பூட்டப்படவில்லை. பின்பக்கத்தில் ஓலைக் கொட்டில் ஒன்று இறக்கி அடுப்பு மூட்டினார்கள். எரிவாயு திரும்பி வந்த பிறகும் மீன் குழம்பை மட்டும் அடுப்பிலேயே விட்டுவிட்டார்கள். அந்த நெருக்கடியில் சாப்பாட்டு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது உண்மை. ஆனால் மீன் துண்டைச் சிறிதாக்கவில்லை, சோற்றைக் குறைக்கவில்லை, இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் சுளிக்கவில்லை. இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் கடையைத் திருத்திக் கட்டினார்கள். தரைக்கு மாபிள் பதித்து, சுவருக்குப் புதிய வர்ணம் அடித்து, கை கழுவ மூன்று குழாய் வைத்து, பழைய பிளாஸ்டிக் கோப்பைகளை (சாப்பாட்டுத் தட்டுகளைத்தான் நம் ஊரில் கோப்பை என்போம்) வீசிவிட்டு நல்ல பீங்கான் கோப்பைகள் வாங்கியிருக்கிறார்கள். ஓரத்தில் நீலக் கோடு போட்ட, கனமான, அழகான கோப்பைகள். அடுக்கி வைத்திருந்ததைக் கண்டதும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்தேன். பரிமாறுகிற தம்பி ஒரு கோப்பையை எடுத்தார். மறு கையால், சோற்றுக்குக் கீழே விரிக்கிற பொலித்தீன் போன்ற மெல்லிய தாளான லஞ்ச் ஷீட் ஒன்றை அதன் அடுக்கிலிருந்து உருவி, ஒரு உதறு உதறி, கோப்பைக்கு மேலே விரித்துவிட்டு, அதன்மேல் சோற்றைப் போட்டார்.

லஞ்ச் ஷீட்டில் சாப்பிட்டவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும். மேலே மின்விசிறி சுற்றுகிறது. சோறு விழும் முன்பே ஷீட்டின் ஒரு மூலை எழும்பிவிடும், விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சூடான சோறு பட்டதும் அது சுருங்கி மடிப்பு மடிப்பாக வரும். குழம்பு விட்டால் அந்த மடிப்புகளுக்குள் போய்த் தேங்கும். சோற்றுக்கு ஒரு துளியும் ஊறாது. பிசையப் போனால் சோற்றோடு ஷீட்டும் கையோடு வரும். இடக்கையால் கோப்பையையும் ஷீட்டையும் சேர்த்து அமத்திப் பிடித்தால்தான் ஒரு கவளம் உருட்டலாம். சொதி விட்டுச் சாப்பிடுகிற கட்டத்தில் எங்கேயாவது ஒரு இடத்தில் கிழியும். கிழிந்தால் சொதி கீழே இறங்கி, புதிய பீங்கான் கோப்பையில் போய் நிற்கும். எடுக்கவும் முடியாது, விடவும் மனமில்லை. எதை மூடிக் காப்பாற்றப் பார்த்தார்களோ அந்தக் கோப்பையையும் பிறகு கழுவத்தான் வேண்டும். காலையிலிருந்து அடுப்பில் நின்று ஒருவர் பக்குவமாக வைத்த குழம்பை, கடைசி நிமிடத்தில் இப்படிப் பாழாக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் ஷீட் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. உக்கும் வகை என்று சொல்லப்படுவதற்கு மட்டும்தான் இடம். 2023 ஒக்டோபரில் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி போன்றவற்றுக்கும் தடை வந்தது. தடை வந்த பிறகும் கடைக்குக் கடை ஷீட் விரிகிறது. உக்குமோ உக்காதோ, ஒருவர் கால்மணி நேரம் சாப்பிடுவதற்கு ஒரு ஷீட் ஏன் குப்பைக்குப் போக வேண்டும்?

சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்கும்போது அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, இவ்வளவு நல்ல கோப்பை வாங்கியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு ஷீட்?"

"தம்பி, ஷீட் போடாமல் கொடுத்தால் கோப்பையைக் கழுவினீர்களா என்று கேட்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் அந்தப் பயம். நான் என்ன செய்ய?"

"கழுவித்தானே வைக்கிறீர்கள்?"

"கழுவுகிறேன். ஆனால் யாருக்கு நேரம் இருக்கிறது சொல்லுங்கள். கழுவ வந்த பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். ஆவணி, புரட்டாதியில் கிணறும் அடி தட்டிவிடும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்தப் பக்கத்துக் கோடையை அறிந்தவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரின் அருமை தெரியும். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கோப்பையைக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. கழுவவில்லை என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். கூலிக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். ஷீட் விரிக்கிற கடைக்காரர் எல்லோரும் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தே பலர் செய்கிறார்கள். ஷீட் கேட்டு வாங்குகிற நம் ஆள்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் கடைக்குப் பின்னால், அந்த அடுப்புக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே, வாழைத் தோட்டம் நிற்கிறது! கிழியாத முழு இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் குளம், குளம் நிறையத் தாமரை. வன்னிக் கோயில்களில் அன்னதானத்துக்குத் தாமரை இலையில் சோறு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சூட்டுச் சோறு பட்டதும் அந்த இலையிலிருந்து எழுகிற மணத்தை யாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? இலையில் போட்டால் கோப்பையைத் தேய்த்துக் கழுவுகிற வேலையும் பாதியாகும், தண்ணீரும் மிஞ்சும், கேட்கிறவருடைய பயமும் தீரும். இதையும் அக்காவிடம் சொன்னேன். "இலை வெட்டித் துடைக்க ஆள் வேண்டாமா?" என்றார். ஷீட் வாங்குகிற காசை இலை வெட்டுகிற ஒருவருக்குக் கொடுக்கலாமே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்தவருடைய கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்தபோது கடைக்கு எதிர்ப்பக்கத்தில் மாடுகள் நின்றன. இந்த வீதிகளில் மாடு அவிழ்த்துவிட்டபடிதான் திரியும், எல்லோருக்கும் தெரியும். ஒரு சிவப்புப் பசு குப்பைக் கூடையைச் சரித்து, குழம்பு ஒட்டியிருந்த ஷீட் ஒன்றை வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. போய்ப் பிடித்து இழுத்தேன். பாதிதான் கையில் வந்தது. மீதியை அது விழுங்கிவிட்டது. அது வயிற்றில் தங்கினால் அந்த மாட்டுக்கு என்ன ஆகும் என்பதை மாடு வளர்க்கிற எவரும் சொல்வார். அந்தக் காட்சி எனக்குள் இன்னும் ஆறவில்லை.

நண்பருக்கு வேறு இடங்களையும் சொல்ல வேண்டும். காலை, மாலைச் சாப்பாட்டுக்கு வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்களுக்குத் தயங்காமல் போகலாம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உண்டு. கண்முன்னே சுட்டுத் தருகிற தோசையும், குரக்கனில் செய்கிற பலகாரங்களும் பிள்ளைகளுக்கும் நல்லவை. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சரை கச்சான் வாங்காமல் போகிற பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரவில் கொத்துரொட்டி எங்கேயும் கிடைக்கும். அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நெல் விளைகிற ஊரில் இரவானதும் எல்லோரும் கோதுமை மாவுக்கு வரிசையில் நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மதியச் சோற்றுக்கு? புதுக்குடியிருப்பில் ஒரு சிறிய கடை இருக்கிறது. அரிசி சுமார், பருப்பு சுமார், மீன் சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் உப்புக் கூடிவிடும். உட்காருகிற வாங்கில் ஒன்று ஆடும். ஆனால் முதலாளி ஐயா நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாழையிலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து விரிக்கிறார். இரண்டு கைகளையும் கவலையில்லாமல் வைத்துக்கொண்டு பிசைந்து சாப்பிடலாம். சாப்பிட்ட இலையைக் கொண்டுபோய்ப் போட்டால் மாடு தின்றாலும் குற்றமில்லை.

எனவே, கேட்ட நண்பரே, மாங்குளத்துக் கடையின் சமையலுக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுக்கிறேன். அந்த விரால் குழம்புக்கு வன்னியில் இணை இல்லை என்பதையும் அடித்துச் சொல்கிறேன். ஆனாலும் அங்கே போகாதீர்கள். புதுக்குடியிருப்புக்குப் போங்கள். வெள்ளிக்கிழமையில் அங்கே சைவம் மட்டும்தான், மற்ற நாள்களில் ஒரு மணிக்கு முன் போனால் மீன் இருக்கும். நானும் இப்போது அங்கேதான் சாப்பிடுகிறேன். கோப்பையில் ஷீட் இல்லாமல் சோறு போடத் தொடங்குகிற அன்றைக்குச் சொல்லியனுப்புங்கள், அன்று மதியமே வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.