சொன்ன தேதிக்கு ஜாக்கெட் தரும் பென்னாகரம் ரோடு டெய்லர் கடை

"எல்லாம் முடிஞ்சுது, ஊக்கு மட்டும்தான் பாக்கி, சாயங்காலம் வாங்க." ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் துணியை வெட்டியே இருக்கமாட்டார்கள். தர்மபுரி பென்னாகரம் ரோட்டில், சந்துக்குள் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது.

டெய்லர் அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒரு தேதிக்கு நான்கு ஜாக்கெட் எழுதியானதும் அடியில் கோடு போட்டுவிடுவார். அப்புறம் யார் கெஞ்சினாலும் நோட்டைத் திருப்பிக் காட்டி, "இந்த வாரம் ஆகாதுங்க டீச்சர், வேற இடம் பாத்துக்கோங்க" என்பார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராமல்தான் இந்தப் பொய்களில் பாதி பிறக்கிறது. டெய்லர் தேதியை இழுப்பார் என்று தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தை நாம் வெள்ளி என்கிறோம். நாம் தேதியை முன்னாடி தள்ளிச் சொல்வது தெரிந்து அவர்கள் இன்னும் தள்ளிப்போடுகிறார்கள். இங்கே நான் உள்ள தேதியையே சொல்கிறேன், அவரும் நம்புகிறார்.

அமெரிக்க உளவியலாளர் பெல்லா டிபாலோவின் குழு 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 147 பேர் தாங்கள் சொன்ன பொய்களை ஒரு வாரம் எழுதி வைத்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்குச் சுமார் 2, மற்றவர்களுக்கு 1. சொன்னவர்கள் அவற்றைப் பெரிதாக நினைக்கவில்லை. ஊக்குப் பொய்யும் அந்த ரகம்தான். முகூர்த்தத்துக்குப் பழைய ஜாக்கெட்டோடு போய் நிற்பவளுக்கு அது சின்ன விஷயமா?

என் பட்டு ஜாக்கெட்டில் ஒரு தடவை தவறு நடந்தது. எனக்குத் தெரியும் முன்பே அக்கா போன் செய்தார். "கை வெட்டறப்போ அரை இஞ்ச் குறைஞ்சிடுச்சுங்க. பார்டரை இறக்கி வச்சுத் தச்சிருக்கேன். வந்து பாருங்க, பிடிக்கலைன்னா துணிக்காசு தந்துடறேன்." போய்ப் பார்த்தேன். ஒட்டுத் தையல் உள்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வாங்கிக்கொண்டேன். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதனால்தான் அவர் மேல் இவ்வளவு மரியாதை.

உடம்பு கூடியிருந்தால் அதையும் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல்.

லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி 400 ரூபாய். பக்கத்துக் கடைகளைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆரி வேலை எடுப்பதில்லை, போட்டுப் பார்க்க ஒரு திரை மட்டும் உண்டு, வண்டி நிறுத்த இடமில்லை. செவ்வாய்க்கிழமை லீவு. ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஆடி பாதியிலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள், நோட்டு சீக்கிரம் நிறைந்துவிடும்.